முத்திரை மரக்கால்: போர்க்காலத் தஞ்சையின் உழைப்பாளர் எழுச்சியும் இரு நாவல்களும்

தொழிலாளர் கிளர்ச்சி என்றவுடன் நம் எண்ணம் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் செல்கிறது, தஞ்சைக்குச் செல்வதில்லை. 1946 ஜனவரி 8ஆம் நாள், சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். தமிழ்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் இதை மறப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், காவிரிப் படுகையில் பண்ணையாட்களிடையே சங்கம் தோன்றியது. ஆனால் இதனை 'விவசாயிகள் கிளர்ச்சி' என்னும் தனிப் பெட்டியில் இட்டு மூடிவிடுவது நம் வழக்கம். ஆலை என்பது புகைபோக்கி உள்ள கட்டடம் மட்டுமே என்று கொண்டால் இவ்வழக்கம் சரியே. ஆனால் ஒரே பொருளை, சந்தைக்காக, பிறர் நிலத்தில், பிறர் கட்டளையின்கீழ், கூலிக்கு விளைவிக்கும் இடமே ஆலை என்றால், 1940களின் தஞ்சை மாவட்டம் தென்னிந்தியாவின் மிகப் பெரிய நெல் ஆலையாகவே இருந்தது.

அந்த எழுச்சியையும் அதன் பின்விளைவுகளையும் தமிழ் நாவல் எவ்வாறு கண்டுள்ளது என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். இதற்கு இரு நாவல்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' (1991). மற்றொன்று, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975). பின்னது 1977இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. இரண்டும் நம் இறையியல் மாணவர் வாசிக்க வேண்டியவை. இரண்டிலும் ஒரு குறை உண்டு. அக்குறை நம் மேடைப் பிரசங்கங்களிலும் இருப்பதால், இவ்வாய்வு எழுத்தாளர்களை நோக்கி மட்டும் எழுதப்படுவதன்று.

1. போர் தஞ்சைக்கு வந்த வழி

தஞ்சையில் குண்டுகள் விழவில்லை. போர் அங்கு நெல்லின் வழியே வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் மாதத்தில் இரங்கூனும் ஜப்பானியர் கையில் வீழ்ந்தன. பர்மா அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணத்திற்கு அவ்வரிசி ஒரேயடியாக நின்றுபோயிற்று. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு, கல்லணைக் கால்வாய் வழியாகப் புதிய நிலங்களுக்கும் நீர் பாய்ந்திருந்த தஞ்சை மாவட்டம் இப்போது மாகாணத்தின் களஞ்சியமாயிற்று. 1943இல் வங்கத்தில் பஞ்சம் வந்தது; அதில் மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. அதன் பிறகு ஒவ்வொரு கலம் நெல்லின் மீதும் அரசின் கண் விழுந்தது. வணிகரின் கண்ணும் விழுந்தது.

கடலும் மூடிற்று. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறுவது, தலைமுறை தலைமுறையாகப் படுகையின் ஏழைக்கு இருந்த ஒரே வெளிவாயில். கூலிகளாகச் செல்வோருக்கு உதவியளித்து அனுப்பும் முறையை இந்திய அரசு 1938இலேயே நிறுத்திவிட்டது. 1942இல் கப்பலே இல்லையென்றாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. பண்ணையை விட்டுப் போக வழியற்ற மனிதன், பண்ணைக்குள்ளேயே தன் வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியவனானான்.

இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். விலைவாசி ஏறியபோது ரொக்கக் கூலி வாங்கிய ஆலைத் தொழிலாளி பஞ்சப்படி கேட்டான். அவன் வழக்கு எளிதில் விளங்கும். பண்ணையாளோ கூலியை நெல்லாக வாங்கினான். நெல்லின் விலை ஏறினால் அவன் கூலியின் மதிப்பும் ஏற வேண்டும் அன்றோ? அப்படியிருக்க அவன் ஏன் எழுந்தான்? பசி என்று ஒரே சொல்லில் விடை கூறுவோர் இக்கேள்வியைக் கடந்துபோகிறார்கள்.

விடை மரக்காலில் இருக்கிறது. பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம் என்பது படுகையின் கணக்கு. ஆனால் எந்த மரக்கால்? களத்தில் கூலி அளக்கும் மரக்கால் பண்ணையாருடையது. அதை அளக்கும் கையும் அவர் ஏவலாளின் கை. நெல் மலிந்த காலத்தில் அளவில் ஓர் ஆழாக்குக் குறைந்தால் அது கண்டும் காணாததுமாகப் போகும். நெல் பொன்னாகிவிட்ட போர்க்காலத்திலோ, குறைத்து அளக்கப்பட்ட ஒவ்வோர் ஆழாக்கும் ஒருவருக்கு இலாபம், மற்றவருக்கு இழப்பு. துணியும் மண்ணெண்ணெயும் அருகிவிட்ட நாள்களில், அவற்றை வாங்கத் தன் கூலி நெல்லையே விற்க வேண்டியிருந்த குடும்பத்திற்கு அந்த ஆழாக்கின் அருமை தெரியும். போர் புதிதாக ஓர் அநீதியைப் படைக்கவில்லை. பழைய அநீதிக்கு விலை குறித்துக் காட்டிற்று.

2. மன்னார்குடியில் எழுதப்பட்டது

கன்னட நாட்டில் பிறந்த பி. சீனிவாச ராவ் 1943இல் இப்பகுதிக்கு வந்தார். மன்னார்குடிப் பகுதியின் தென்பரை என்னும் ஊரில், ஒரு மடத்திற்குரிய நிலத்தை உழுதவர்களிடையே முதற் சங்கம் அமைந்தது. களப்பால் குப்பு போன்ற உள்ளூர் மக்கள் தலைவர்களாக எழுந்தனர். இச்சங்கத்தை நடத்திய பொதுவுடைமைக் கட்சியின் மீதிருந்த தடை 1942 ஜூலையில் நீக்கப்பட்டிருந்தது. பாசிசத்திற்கு எதிரான போரில் உற்பத்தி தடைப்படலாகாது என்பதே அக்கட்சியின் அகில இந்திய நிலை. இந்தியப் பாதுகாப்பு விதிகளோ, ஆலை வேலைநிறுத்தங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்திருந்தன. இவ்விரு நெருக்கடிகளுக்கும் நடுவில் பண்ணையாட்களின் வழக்கு உடன்படிக்கையை நோக்கி நகர்ந்தது. 1944இல் மன்னார்குடியில் நிலவுடைமையாளரும் சங்கத்தாரும் அதிகாரிகள் முன்னிலையில் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

அவ்வுடன்படிக்கையில் இடம்பெற்ற செய்திகளுள் மூன்று, நாம் நினைவில் கொள்ள வேண்டியவை. பண்ணையாட்களைச் சவுக்கால் அடிக்கலாகாது. சாணத்தைக் கரைத்த நீரை, 'சாணிப்பால்' என்று பெயரிட்டு, அவர்கள் வாயில் ஊற்றலாகாது. கூலி, முத்திரையிட்ட மரக்காலால் அளக்கப்பட வேண்டும்.

முதல் இரண்டையும் வாசிக்கும்போது நம் நெஞ்சம் பதறுகிறது. மூன்றாவதை வாசிக்கும்போது பதறுவதில்லை; அது கணக்குப்பிள்ளையின் காரியம்போல் தோன்றுகிறது. ஆனால் அம்மூன்றையும் ஒரே தாளில் எழுதிய உழைப்பாளர், அவை ஒரே பொருளைப் பற்றியவை என்று அறிந்திருந்தனர். முத்திரை மரக்கால் என்பது, கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் மேலே நிற்கும் ஓர் அளவை. அதைக் களத்தில் வைத்தவுடன் பண்ணையாரும் அதற்குக் கீழ்ப்பட்டவராகிறார். அதுவரை அவர் கையே அளவு, அவர் சொல்லே சட்டம். அடிக்கும் உரிமையும் அளக்கும் உரிமையும் ஒரே கையில் இருந்தன. அடிமைத்தனம் என்பதன் பொருள் இதுவே. ஆகவே அவர்கள் கேட்டது கூடுதல் நெல் மட்டுமன்று. இரு திறத்தாருக்கும் பொதுவான ஓர் அளவு.

உடன்படிக்கை எழுதியவுடன் அநீதி நீங்கிவிடவில்லை. 1948இல் களப்பால் குப்பு திருச்சிச் சிறையில் இறந்தார். அவ்வாண்டிலேயே கட்சி மீண்டும் ஒடுக்கப்பட்டது. 1950இல் வாட்டாக்குடி இரணியனும் சாம்பவான் ஓடை சிவராமனும் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1952இல் இராஜாஜி அமைச்சரவையின் காலத்தில் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. போர்க்காலத்தில் களத்துமேட்டில் எழுந்த குரல் இறுதியில் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. ஆயினும் வழக்கு முடியவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசையினுள் எரிந்து மாண்டனர். அங்கேயும் தொடக்கத்தில் நின்ற வழக்கு, கூலியில் அரைப்படி நெல் உயர்த்தித் தர வேண்டும் என்பதே. இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அளவே வழக்கு. நாம் ஆராயும் இரு நாவல்களும் இவ்விரு முனைகளில் நிற்கின்றன.

3. பாதையில் பதிந்த அடிகள்

ராஜம் கிருஷ்ணன் களத்திற்குச் சென்று, மக்களோடு தங்கி, கேட்டு எழுதியவர். தஞ்சைப் பகுதியின் உழவுத் தொழிலாளரைப் பற்றி 'சேற்றில் மனிதர்கள்' (1982) என்னும் நாவலுக்காக அவர் அலைந்தபோது, மணலூர் மணியம்மை என்னும் பெயரை மக்கள் வாயிலாகக் கேட்டார். அந்தண குலத்தில் பிறந்து இளமையில் கைம்பெண்ணான மணியம்மை, முடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, முதலில் காங்கிரசிலும் பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்திலும் சேர்ந்து, பண்ணையாட்களுக்காக உழைத்து, 1953இல் மறைந்தார். அவரைப் பற்றிய எழுத்து ஆவணங்கள் மிகச் சில. சேரி மக்களின் நினைவே பெரும் ஆவணம். அந்நினைவைத் திரட்டி நாவலாக்கிய பணி எத்துணைப் பாராட்டினாலும் தகும். வரலாறு புறக்கணித்த ஒரு பெண்ணை இலக்கியம் மீட்டுக் கொடுத்திருக்கிறது.

நாவலின் வலிமை மணியம்மையின் உடலைப் பற்றி எழுதும் இடங்களில் வெளிப்படுகிறது. கைம்மையின் கோலத்தைக் களைந்து ஆண் உடையை ஏற்பது அவருக்கு வேடமன்று. தன் குலம் தன்மீது சுமத்திய அளவை மறுத்தல் அது. சவுக்கடிக்கு உட்பட்ட உடல்களும், சடங்கிற்கு உட்பட்ட இவ்வுடலும் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. ஒடுக்குதல் பலவகைப்பட்டது, ஆயினும் அதன் வேர் ஒன்று என்பதை விரிவுரையின்றி இந்நாவல் உணர்த்துகிறது. பெண்ணியம் என்னும் சொல்லைக் கேட்டு அஞ்சும் நம் ஆயர் சிலர் இந்நூலை வாசித்தால் அச்சம் தெளிவர்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நாவல் முன்னேற முன்னேற மணியம்மை ஓங்குகிறார். அவரைச் சூழ நிற்போர் மங்குகின்றனர். சாணிப்பாலையும் சவுக்கையும் அவர் கண்ணின் வழியே காண்கிறோம். குடித்தவனின் நாவின் வழியே அறிவதில்லை. அவருடைய இரக்கம் நமக்கு முழுமையாகக் கிடைக்கிறது. மரக்காலில் முத்திரை வேண்டும் என்று முதலில் எண்ணிய மூளை யாருடையது என்பது கிடைப்பதில்லை. ஏமாற்றப்பட்டவனே அளவின் நுட்பத்தை அறிவான். எத்தனை ஆழாக்குக் குறைகிறது என்பதை ஒவ்வொரு மாலையும் தன் வீட்டுப் பானையில் கொட்டிப் பார்த்துக் கண்டவள் சேரிப் பெண். அவளுடைய கணக்கறிவே அவ்வுடன்படிக்கையின் மூன்றாம் செய்தியாயிற்று என்று நாம் கருதுகிறோம். நாவலிலோ அவள் கேட்பவளாகவும் அழுபவளாகவும் தொடர்பவளாகவும் நிற்கிறாள்.

யாத்திராகமத்தை நன்கு வாசித்தோர் இக்குறையின் தன்மையை எளிதில் அறிவர். மோசேயும் அரண்மனையில் வளர்ந்தவரே. அடிமைகளின் வீட்டிற்கு அடுத்த வீட்டிலிருந்து வந்தவரே. ஆனால் அந்நூல் மோசேயை மட்டும் பேச விடவில்லை. அதன் முதல் அதிகாரத்தில் பார்வோனுக்குப் பெயரில்லை; மருத்துவச்சிகளுக்கு உண்டு: சிப்பிராள், பூவாள். ஐந்தாம் அதிகாரத்தில் வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல்லின் கணக்கை மட்டும் குறைக்காமல் கேட்கிறான் பார்வோன். வேதாகமம் கூறும் தொழில் தகராறுகளில் தெளிவானதொன்று இது. அப்போது அரண்மனைக்குச் சென்று முறையிட்டவர், அடிபட்ட இஸ்ரவேல் மேற்பார்வையாளரே. அவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே, கணக்கோடு, எடுத்துரைக்கின்றனர். மோசேயின்மீது சினம் கொள்ளவும் அவர்களுக்கு உரிமை தரப்பட்டுள்ளது. ராஜம் கிருஷ்ணனின் நாவலில் மோசே இருக்கிறார். சிப்பிராளும் பூவாளும் இல்லை. சினங்கொண்டு எதிர்த்துப் பேசும் மேற்பார்வையாளரும் இல்லை.

நினைவைத் திரட்டிய முறையிலேயே இக்குறை பிறந்தது என்று சமாதானம் கூறலாம். மக்களே மணியம்மையைத்தான் நினைவு கூர்ந்தனர், தங்களை நினைவு கூரவில்லை என்பது மெய்யே. ஏழை தன் கதையைக் கேட்டால் தன் நன்மை செய்தவரின் கதையைச் சொல்வான். நம் சபைகளில் முதியோரிடம் சபை வரலாறு கேட்டால் மிஷனெரியின் வரலாற்றையே சொல்வதுபோல. ஆனால் கேட்போனின் கலை அவ்விடத்தில்தான் தொடங்குகிறது. அடுத்த கேள்வியைக் கேட்பது அவன் கடமை.

4. குருதிப்புனல்

'குருதிப்புனல்' கீழ்வெண்மணியை அடித்தளமாகக் கொண்டது. தில்லியில் வாழ்ந்து பழகிய கோபாலும் சிவாவும் தஞ்சைக் கிராமத்திற்கு வருகின்றனர். அவர்கள் கண்முன் கூலி வழக்கு முற்றி நெருப்பில் முடிகிறது. கற்றவரின் திகைப்பை இந்நாவல் காட்டும் அளவு கூர்மையாகத் தமிழில் வேறு நாவல் காட்டவில்லை என்றே கூறலாம். கோட்பாடு உண்டு, செயல் இல்லை. பரிவு உண்டு, வேர் இல்லை. இறையியல் கல்லூரியில் மூன்றாண்டு பயின்று, முதன்முறையாகக் கிராமச் சபைக்குச் செல்லும் மாணவன் கோபாலில் தன் முகத்தைக் காண்பான். இக்காரணம் ஒன்றிற்காகவே இதனை நாம் பரிந்துரைக்கிறோம்.

ஆனால் நாவல் தன் மையக் கேள்விக்குத் தரும் விடை ஏற்கத் தக்கதன்று. பண்ணையார் கண்ணையா நாயுடு ஏன் இக்கொடுமை செய்கிறார்? அவருடைய ஆண்மைக் குறையும் அதை மறைக்கும் வெறியுமே காரணம் என்பதை நோக்கி நாவல் நம்மை அழைத்துச் செல்கிறது. இடதுசாரித் திறனாய்வாளர் இதனை நெடுங்காலம் முன்பே கண்டித்தனர். வர்க்கப் போரைப் பாலியல் நோயாகச் சுருக்கிவிட்டார் என்பது அவர்கள் கூற்று. நம் மறுப்பு அதனோடு ஒத்ததாயினும் அதற்கு வேறு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, உடற்குறையைத் தீமையின் வேராகக் காட்டுவதைக் கிறிஸ்தவ மனச்சான்று ஏற்காது. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷருக்கு, நம் ஆண்டவர் உடற்குறையையும் பாவத்தையும் பிணைக்கும் கயிற்றையே அறுத்துவிட்டார். நாவலாசிரியர் அதனை மீண்டும் முடிகிறார். அவர் நோக்கம் ஆதிக்கத்தின் உள்ளீடற்ற தன்மையைக் காட்டுவது என்பதை அறிவோம். எனினும் அவர் தேர்ந்த உருவகம் வேறொரு கூட்டத்தாரைப் புண்படுத்துகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பண்ணையார் நோயாளி என்றால், நலமுள்ள பண்ணையார் நல்லவராக இருந்திருப்பார் என்று பொருள்படும். கொடுமையின் அச்சமே இதில் மறைந்துபோகிறது. குறைந்த மரக்காலால் அளந்தோர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். அவர்களுள் நல்ல தந்தையர் உண்டு. கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடையளித்தோர் உண்டு. இனிய சொல்லுடையோர் உண்டு. மாலையில் களத்தில் நின்று, எவ்விதப் பகையுமின்றி, வழக்கப்படி, குறைத்து அளந்தனர். பாவம் என்பது பெரும்பாலும் இத்தகையது. அசாதாரண மனிதனின் வெறியில் அதனைத் தேடும் நாவல், சாதாரண மனிதனின் வழக்கத்தில் அதனைக் காணத் தவறுகிறது. கூலி வழக்கு இந்நாவலில் உண்டு. ஆனால் அது பின்னணி இசைபோல் ஒலிக்கிறது. முன்னே நிற்பது மன நோய். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் வெண்மணி வழக்கில் நிலவுடைமையாளரை விடுவித்தது. செல்வரான மனிதர் தாமே நேரில் நடந்துவந்து இதனைச் செய்திருப்பர் என்பதை நம்புதல் அரிது என்பது அத்தீர்ப்பில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மதிப்புள்ள மனிதர் கொடுமை செய்யார் என்னும் எண்ணமும், கொடுமை செய்தவர் நோயாளியாகவே இருக்க வேண்டும் என்னும் எண்ணமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதை நாவலாசிரியர் கண்டிருந்தால், நாவல் இன்னும் பெரிதாகியிருக்கும்.

5. திருமறையில் மரக்கால்

வரலாற்றுச் செய்தியைக் கொண்டு கற்பனை நூலை அளப்பது முறையா என்று ஒருவர் வினவலாம். நாவல் ஆவணமன்று, அதற்கு உரிய உரிமை உண்டு. ஆனால் நாம் கேட்பது செய்தியின் துல்லியத்தை அன்று. உழைப்பாளரின் கோரிக்கை எதுவோ அதனை நாவல் கேட்டதா என்பதையே. பிறர் வாயிலிருந்து வரும் சொல்லைக் கேளாமல் நாமே ஒரு சொல்லை அவர் வாயில் இடுவது இலக்கியத்திலும் குறையே, ஊழியத்திலும் குறையே.

இங்கே நம் தமிழ்த் திருமறை நமக்கு ஓர் அரிய துணை செய்கிறது. நம் சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பில், ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில் வணிகர் குறைக்க எண்ணும் அளவைக்கு 'மரக்கால்' என்றே பெயர். மீகா ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் அருவருக்கும் குறைந்த அளவையும் மரக்காலே. மொழிபெயர்த்தோர் எபிரெய அளவையின் பெயரை அப்படியே விட்டிருக்கலாம். அவ்வாறு விடாமல், தமிழ் உழவனின் களத்திலுள்ள பாத்திரத்தைத் தீர்க்கதரிசியின் வாயில் வைத்தனர். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது 1715இல். அத்தரங்கம்பாடி இதே படுகையின் கடற்கரை. மன்னார்குடியில் வெஸ்லியன் மிஷன் நிறுவிய ஃபின்ட்லே பள்ளி, உடன்படிக்கை எழுதப்பட்ட அதே நகரில், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நின்றுவருகிறது. மரக்காலைப் பற்றிய தீர்க்கதரிசனம் படுகையில் இருந்தது. மரக்காலால் ஏமாற்றப்பட்டோரும் படுகையில் இருந்தனர். இரண்டையும் இணைத்துப் பேசிய பிரசங்கம் அந்நாள்களில் நம் மேடைகளில் ஒலித்திருந்தால் அது நம் வரலாற்றின் பெருமைகளுள் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். அவ்வாறு எழுதப்பட்டதாக நாம் எங்கும் வாசித்ததில்லை.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்திலும் மரக்கால் வருகிறது: விளக்கைக் கொளுத்தி அதன்கீழ் வைப்பதில்லை என்கிறார் ஆண்டவர். அப்பகுதியை நற்சாட்சியைப் பற்றியும் தனிமனித ஒழுக்கத்தைப் பற்றியும் பிரசங்கித்து முடிக்கிறோம். ஆனால் ஒளியை மறைக்கும் பாத்திரமாக அவர் எடுத்துக்காட்டியது வீட்டிலுள்ள தானிய அளவை. திருச்சபையின் ஒளியை எப்பொருள் மறைக்கிறது என்று தஞ்சையில் யாராவது கேட்டால், பாத்திரத்தின் பெயரைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

உபாகமம் இருபத்தைந்தாம் அதிகாரம் வீட்டில் பெரிதும் சிறிதுமாக இருவகைப் படிகளை வைத்திருப்பதைத் தடைசெய்கிறது. கவனிக்க: குறைத்து அளப்பதை மட்டும் அன்று, இரு படிகளை வைத்திருப்பதையே தடைசெய்கிறது. வாங்கும்போது ஒன்று, கொடுக்கும்போது மற்றொன்று என்னும் அமைப்பே பாவம். அதைப் பயன்படுத்துவோனின் மனநிலை இரண்டாவது வினா. யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், அறுவடை செய்தோரின் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுவதாகக் கூறுகிறார். அழுவது கூலி, உழைப்பாளி இரக்கத்திற்காக அழுவதாக அவர் எழுதவில்லை. கொடாமல் நிறுத்தப்பட்ட அந்த நெல்லுக்கே ஆண்டவர் செவிகொடுக்கிறார். 'பாதையில் பதிந்த அடிகள்' மனிதரின் கண்ணீரைக் கேட்டது. 'குருதிப்புனல்' மனிதரின் நோயைக் கேட்டது. நெல்லின் கூக்குரலைக் கேட்கும் நாவல் இனி எழுதப்பட வேண்டும்.

6. ஆயர்க்கும் மாணவர்க்கும்

இவ்வாய்விலிருந்து நாம் பெறுவன சில உண்டு.

ஒன்று, ஏழையைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது பசி என்னும் சொல்லோடு நின்றுவிடலாகாது. பசிக்கு விடை சோறு. சோற்றைத் தரும மனப்பான்மையுள்ளோர் எவரும் கொடுத்துவிடலாம். அளவுக்கு விடை நீதி. அதைக் கொடுப்போனும் அதற்குக் கீழ்ப்பட வேண்டும். நம் சபைகளின் இரக்கப்பணிகள் பெருகியும் உறவுகள் மாறாதிருப்பதற்கு ஒரு காரணம் இது. போர்க்காலப் பண்ணையாட்கள், வயிற்றுக்கில்லாத நாளிலும், சோற்றோடு அளவையும் கேட்டனர். அவர்களுடைய இறையியல் நம்முடையதைவிட முதிர்ந்தது.

இரண்டு, தலைவரின் வரலாற்றோடு நின்றுவிடலாகாது. சபை வரலாறு எழுதும் மாணவர், மிஷனெரியின் நாட்குறிப்பை வாசித்தபின், அவர் வீட்டில் நெல் குத்தியவளின் பெயர் என்ன என்றும் கேட்க வேண்டும். பெயர் கிடைக்காவிடில் கிடைக்கவில்லை என்று எழுத வேண்டும். யாத்திராகமம் மருத்துவச்சியரின் பெயரைக் காத்துவைத்தது தற்செயலன்று.

மூன்று, பாவத்தைப் பற்றிப் போதிக்கும்போது கொடியவனின் உள்ளத்தை ஆராய்வதோடு நின்றுவிடலாகாது. நல்லவனின் வழக்கத்தை ஆராய வேண்டும். பாவ அறிக்கையில் சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும் செய்த பாவங்களைச் சொல்கிறோம். அளவையால் செய்தவற்றையும் அதில் எண்ணிக்கொள்ள நம் மக்களுக்குக் கற்பிக்கலாம்.

நான்கு, அளவு வழக்கு முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. பண்ணையாள் முறை இன்று இல்லை. பழைய தஞ்சை மாவட்டம் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எனப் பிரிந்துவிட்டது. அறுவடையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. மரக்கால் களத்தை விட்டுப் போய், அதன் இடத்தில் கொள்முதல் நிலையத்தின் எடைத்தராசும் ஈரப்பதமானியும் நிற்கின்றன. எடையைப் பற்றியும் மூட்டைக்குக் கேட்கப்படும் தொகையைப் பற்றியும் முறையீடுகள் இன்றும் எழுகின்றன. நடவுக்கு வெளிமாநிலத்திலிருந்து வருவோரும் உண்டு. அவர்கள் கூலி எம்முறையில் கணக்கிடப்படுகிறது, அக்கணக்கை அவர்கள் வாசிக்க முடிகிறதா என்று விசாரிப்பது ஆயரின் வேலைக்கு வெளியேயானதன்று. சபைக்கே நன்செய் இருந்து, அதைக் குத்தகைக்கு விட்டிருந்தால், விசாரணை அங்கிருந்து தொடங்க வேண்டும். குத்தகைச் சீட்டில் எழுதிய அளவும், உண்மையில் வாங்கும் அளவும் ஒன்றுதானா? உபதேசியாருக்கும் கோயில் பணியாளருக்கும் கொடுக்கும் சம்பளம் எந்த அளவையால் முடிவு செய்யப்பட்டது? அளவு குறித்த கூட்டத்தில் அவர்கள் இருந்தார்களா?

வெண்மணி எரிந்த இரவு கிறிஸ்து பிறப்பின் திருநாள் இரவு. அதனைப் பிரசங்கத்தில் கூறுவோர் சிலர் உண்டு. ஏரோதையும் ராகேலின் அழுகையையும் நினைவூட்டுவர். அது தகும். அதோடு அக்குடிசை எரிவதற்குக் காரணமான அரைப்படியையும் கூற வேண்டும். ஏரோதைக் கண்டிப்பது எளிது. நம்முள் எவரும் தம்மை ஏரோது என்று எண்ணுவதில்லை. அரைப்படியைப் பற்றிப் பேசினால், சபையின் முன்வரிசையில் அமர்ந்திருப்போர் தத்தம் வீட்டு அளவையை நினைப்பர். வரும் அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகையில் கதிர்க்கட்டுகளோடும் காய்கனிகளோடும் பீடத்தின் முன் ஒரு முத்திரை மரக்காலையும் வைத்து, ஆமோஸின் எட்டாம் அதிகாரத்தை வாசிக்கும்படி ஆயர்களை வேண்டுகிறோம். மாணவர்களோ இவ்விரு நாவல்களையும் விடுமுறையில் வாசித்து முடித்து, தங்கள் ஊர்க் களத்தில் அளந்த முதியவர் ஒருவரிடமும், அளக்கப்பட்ட முதியவர் ஒருவரிடமும் கேட்டு எழுதி வருவார்களாக.